கல்யாணப் பத்திரிகையில் ஒரு ராஜா முகம்

சேலையூர், மாடம்பாக்கம் பக்கம் எந்தத் தெருவில் நடந்தாலும் ஒரு புதுவீடு எழும்பிக்கொண்டிருக்கும். அதன் நெற்றியில் கோரைப்பல்லும் பிதுங்கிய கண்ணுமாய் ஒரு திருஷ்டி பொம்மை நம்மை முறைக்கும். அதனால்தானோ என்னவோ, லீவில் போரடித்துக் கிடந்த எங்கள் அபார்ட்மென்ட் பிள்ளைகளிடம் "முகமூடி செய்யலாமா?" என்றதும், "திருஷ்டி பொம்மையா ஆன்ட்டி?" என்று கேட்டார்கள்.

"இல்லடா, ராஜா முகம்" என்று பக்கால் கதையை ஆரம்பித்தேன். மெக்சிகோவில் பலேன்கே என்ற ஊரை ஆண்ட மாயா மன்னர். 12 வயதில் பட்டத்துக்கு வந்தவர் என்றதும் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். கி.பி. 683-ல் அவர் இறந்தபோது, பச்சை ஜேட் கல்லில் 200-க்கும் மேற்பட்ட துண்டுகளைப் பதித்து முகமூடி செய்து முகத்தில் வைத்தார்கள். கண்ணுக்குச் சிப்பியும், எரிமலைக் கண்ணாடிக் கல்லும். 1952-ல் கல்லறையைத் திறந்தபோது துண்டுகள் கலைந்து கிடந்தன. மறுபடி ஒவ்வொன்றாகச் சேர்த்தார்கள். அதுவும் 1985-ல் மெக்சிகோ நகர மியூசியத்திலிருந்து திருடுபோய், 1989-ல்தான் கிடைத்தது. திருட்டுக் கதையை மட்டும் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது!

ஜேட் கல்லுக்கு எங்கே போவது? அலமாரியில் சேர்ந்து கிடக்கும் பழைய கல்யாணப் பத்திரிகைகள் இருக்கின்றனவே! கெட்டித் தாள், பளபளப்பு, பொன்னெழுத்து. கலர் பேப்பர் பக்கத்தில்கூட நிற்காது.

பேப்பர் தட்டைக் கவிழ்த்து வையுங்கள். கண் ஓட்டைகளைப் பெரியவர்களே வெட்டிக் கொடுத்துவிடுங்கள். அட்டையை மடித்து மூக்கு ஒட்டி, காயவிடுங்கள். பத்திரிகையை விரல்நகம் அளவுக்கு வெட்டி, நிறவாரியாகக் கிண்ணங்களில் பிரித்து வைக்க வேண்டும். தட்டு முழுக்க ஃபெவிகால் தடவினால் பாதி ஒட்டுவதற்குள் காய்ந்துவிடும். கொஞ்சம் கொஞ்சமாகத் தடவுங்கள். முதலில் கண்ணைச் சுற்றி, பிறகு மூக்கு, கடைசியில் நெற்றியும் கன்னமும். துண்டுக்கும் துண்டுக்கும் நூலளவு இடைவெளி விட்டால்தான் கல் பதித்த மாதிரி தெரியும். ஃபேனை நிறுத்த வேண்டும். மே மாதத்தில் இதைச் சொல்ல எனக்கே தைரியம் வரவில்லை. ஆனால் ஒரு முறை போட்டுப் பார்த்தோம், ராஜாவின் கன்னம் கார் பார்க்கிங் முழுக்கப் பறந்தது.

நாலாம் வகுப்புப் பையன் ஒருவன் மட்டும் கத்தரியைக் கீழே வைத்துவிட்டான். கையில் சித்தப்பாவின் கல்யாணப் பத்திரிகை. மூலையில் மஞ்சள்கூட அழியவில்லை.

"இதுல தாத்தா பேர் இருக்கு ஆன்ட்டி."

தாத்தா போன வருடம்தான் தவறினார். "வெட்ட வேண்டாம்ப்பா, வேற எடுத்துக்கோ" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தான். பிறகு அந்தப் பெயரை மட்டும் நீளமாக வெட்டி, நெற்றியில் நட்டநடுவே ஒட்டினான். விரல்நகம் அளவு என்று நான் போட்ட சட்டம் என்ன ஆச்சு என்று கேட்க வாயெடுத்தேன். நல்லவேளை, கேட்கவில்லை.

சாயங்காலம் அவன் அம்மா வந்து பார்த்துவிட்டு, மேலே மாமியாருக்கு போன் போட்டார். மூன்றாவது மாடியிலிருந்து, லிஃப்ட்டுக்குக்கூடக் காத்திராமல், முட்டிவலிக்காரப் பாட்டி படியிலேயே இறங்கி வந்தார். அவசரத்தில் கண்ணாடியை எடுக்க மறந்துவிட்டார். பேரன்தான் விரலை வைத்து, ஒவ்வொரு எழுத்தாக வாசித்துக் காட்டினான்.