என் கோழி முட்டை 16 ரூபாய்

டிஸ்கி: இந்தப் பதிவுல உள்குத்து எதுவும் கிடையாது. எல்லாமே வெளிக்குத்துதான். முதல் குத்து எனக்கே. அதனால ஆட்டோ அனுப்பணும்னு நினைக்கிறவங்க கொஞ்சம் பொறுத்து, கடைசி வரைக்கும் படிச்சிட்டு அனுப்பவும்.

பொன்மலை சந்தையில நாட்டுக்கோழி முட்டை 12 ரூபாய். என் தோட்டத்துல, நானே கட்டின கூண்டுல, என் கோழி போடுற முட்டை 16 ரூபாய். அதுவும் தீவனச் செலவு மட்டும்தான். கூண்டுக்கு வாங்கின வலை, கீரி தூக்கிட்டுப் போன ரெண்டு கோழி, அந்தக் கீரிக்காக நான் முழிச்சிருந்த ராத்திரி இதெல்லாம் கணக்குலயே சேர்க்கலை.

எட்டு வருஷமா தோட்டத்தைப் பத்தி எழுதிக்கிட்டு இருக்கேன். இந்த 16 ரூபாயை ஒரு தடவை கூட எழுதலை. முட்டையைப் படம் புடிச்சுப் போட்டேன். வைக்கோல் மேல நாலு முட்டை, பக்கத்துல ஒரு செம்பருத்திப் பூ. பார்க்க லட்சணமாத்தான் இருந்துச்சு.

புதுசா வர்றவங்களுக்குச் சின்ன அறிமுகம். பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸ்ல பிறந்து வளர்ந்தவன். இப்ப டவுன்ல ஆபீஸ் வேலை. 2016ல மணிகண்டம் தாண்டி உள்ளடங்கின ஒரு ஊர்ல 40 சென்ட் வாங்கினேன். சனி, ஞாயிறு அங்கதான். கோழிக்கூண்டு, சொட்டுநீர்க் குழாய், மண்புழு உரத்தொட்டி எல்லாம் நானே செஞ்சது. அதைப் பத்தியெல்லாம் எழுதுறதுக்கு நான் வச்ச பேரு 'தற்சார்பு வாழ்க்கை'.

அந்தப் பேருதான் இப்ப தொண்டையில முள்ளா நிக்குது.

2018ல எழுதின ஒரு பதிவுல, 'இந்த வாரம் சந்தைப் பக்கமே போகலை, எல்லாம் நம்ம மண்ணு கொடுத்தது'ன்னு பெருமை அடிச்சிருந்தேன். அதைப் படிச்சுட்டு ஒரு தம்பி பேசினார். அப்புறம் ரெண்டு மூணு தடவை தோட்டத்துக்கும் வந்தார். 2019ல வேலையை விட்டுட்டு, கையில இருந்த சேமிப்போட ரெண்டு ஏக்கர் குத்தகைக்கு எடுத்தார். முதல் போர்ல தண்ணி இல்லை. ரெண்டாவது போர்ல வந்த தண்ணி வெயில் காலத்துல நின்னு போச்சு. 2022ல திரும்ப வேலைக்குப் போயிட்டார், முன்னால வாங்கின சம்பளத்துக்கும் கம்மியா. போறதுக்கு முன்னாடி என்னைப் பார்க்க வந்தார். திட்டுவார்னு நினைச்சேன். திட்டலை.

"நீங்க எழுதினதுல பொய் ஒண்ணுமில்லண்ணே. செலவை மட்டும் எழுதல."

திட்டியிருந்தா ரெண்டு நாள்ல மறந்திருப்பேன்.

சரி, லேட்டா ஆனாலும் இப்ப எழுதிடறேன். போன வருஷம் சித்திரையில ஆரம்பிச்சு பங்குனி வரைக்கும் ஒரு நோட்டுல குறிச்சு வச்ச கணக்கு இது.

செலவு: ஆள் கூலி 19,600. கோழித் தீவனம் 14,400. எரு ரெண்டு டிராக்டர் 8,000. குழாய், வலை, மராமத்து 6,100. பெட்ரோல், ஆயில் 4,900. கரண்ட் 4,800. ஜிப்சம், தக்கைப்பூண்டு விதை 3,200. மொத்தம் 61,000 ரூபாய்.

வரவு, சந்தை விலைக்குப் போட்டா: காய்கறி 310 கிலோ, சராசரியா கிலோ 35 ரூபாய்னு 10,850. முட்டை 900, அது 10,800. வாழைத்தார் 14, அது 3,500. முருங்கையும் கீரையும் 3,350. மொத்தம் 28,500 ரூபாய்.

துண்டு விழுறது 32,500. நிலம் வாங்கின காசு, போர் போட்ட காசு, வேலி போட்ட காசுக்கு வட்டி எதுவும் சேர்க்கலை. சனி ஞாயிறு நான் பார்த்த வேலைக்குக் கூலியும் இல்லை. இந்த 32,500ஐ யாரு கட்டினா? ஒண்ணாந்தேதி வர்ற சம்பளம் கட்டுச்சு. ஆக, என்னோடது தற்சார்பு இல்லை. சம்பளச் சார்பு.

'மன நிம்மதிக்கு விலை போட முடியுமா?'ன்னு உடனே ஒருத்தர் கிளம்புவீங்க. தாராளமா போடலாம். எனக்கு வருஷத்துக்கு 32,500 ரூபாய். ஒரு டூர் போற காசு. சந்தோஷமா செலவு பண்றேன், இனிமேயும் பண்ணுவேன். கேரம், கிரிக்கெட், கேமரா மாதிரி இதுவும் ஒரு பொழுதுபோக்கு. பொழுதுபோக்குல ஒரு அசிங்கமும் இல்லை. அதுக்கு 'மாற்று வாழ்க்கை'ன்னு பேர் வச்சு அடுத்தவனைக் கூப்பிடுறதுதான் அசிங்கம்.

இதுல இன்னொரு கூத்து, விவசாயிக்கே நாம பாடம் எடுக்கிறது. 'விவசாயிகள் கணக்குப் போடத் தெரியாம நட்டப்படுறாங்க, நாங்க பாருங்க'ன்னு வீடியோ போடுறாங்களே, அவங்க வீடியோவுல எங்கயாவது கூலிக்கணக்கு பார்த்திருக்கீங்களா? களை எடுக்கிற ஆளையாவது பார்த்திருக்கீங்களா? திங்கள்ல இருந்து வெள்ளி வரைக்கும் என் தோட்டத்துக்குத் தண்ணி விடுறது பக்கத்து வீட்டு அக்கா. மேல சொன்ன 19,600ல பெரும்பகுதி அவங்களுக்குப் போனது. எட்டு வருஷப் படங்கள்ல அவங்க ஒண்ணுல கூட இல்லை. மம்பட்டியோட நான் நிக்கிற படம் மட்டும் பதினேழு இருக்கு. எண்ணிப் பார்த்துட்டேன். (அவ்வ்வ்வ்...)

தோரோன்னு ஒரு அமெரிக்கர். நம்ம ஆளுங்க நிறைய பேருக்கு ஆதர்சம். 1845ல வால்டன் குளத்தங்கரையில சின்ன வீடு கட்டிக்கிட்டு ரெண்டு வருஷத்துக்கு மேல இருந்தார். 1854ல அதைப் புத்தகமாப் போட்டார். அவர் வீடு கட்டின இடமே நண்பர் எமர்சனோடது. ஊரு நடக்கிற தூரம்தான், வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுட்டும் வருவார். இதைச் சொல்லி அவரைக் கிண்டல் பண்றவங்க உண்டு. நான் பண்ண மாட்டேன். ஏன்னா அந்த மனுஷன் கணக்கு எழுதினார். வீட்டுக்கு ஆன செலவு 28 டாலர் பன்னிரண்டரை சென்ட். அவரை, உருளைக்கிழங்கு எல்லாம் போட்டு விவசாயத்துல மிஞ்சினது 8 டாலர் எழுபத்தொண்ணரை சென்ட். அரை சென்ட்டைக் கூட விடலை. கூலி வேலைக்குப் போய்ச் சம்பாதிச்சதையும் மறைக்கலை. அவர் பேரைச் சொல்ற நாம அந்தப் பக்கத்தை மட்டும் தாண்டிப் போயிடறோம்.

நம்மாழ்வார் ஐயா பேரையும் இதுல இழுப்பாங்க. அவர் வேளாண்மை படிச்சு, கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்துல வேலை பார்த்து, இது மானாவாரி விவசாயிக்கு உதவாதுன்னு வெளியே வந்தவர். கரூர் மாவட்டம் கடவூர்ல வானகம் உருவாக்கினார். 2013 டிசம்பர் 30ல அவர் கண்ணை மூடினப்ப டெல்டாவுல மீத்தேன் திட்டத்துக்கு எதிரா ஊர் ஊராப் போய்ப் பேசிக்கிட்டு இருந்தார். உரக்கடையில கடன் வச்சுட்டு முழிக்கிற விவசாயியோட செலவைக் குறைக்கணும்ங்கறது அவர் கவலை. அவர் சொன்ன எல்லாத்தையும் நான் ஒத்துக்கிறேன்னு இல்லை. ஆனா என்னை மாதிரி வாரக்கடைசி ஆசாமி முட்டையைப் படம் புடிக்கிறதுக்கும் அவர் நடந்த நடைக்கும் என்ன சம்பந்தம்?

மண்ணு விஷயத்துக்கு வர்றேன். எங்க பக்கம் நிறைய களர் நிலம். சோடியம் சேர்ந்து மண்ணு இறுகிப்போய், மழை பெஞ்சா தண்ணி உள்ளே இறங்காம மேலயே நிக்கும், காஞ்சா சிமெண்ட் மாதிரி ஆயிடும். வீடியோவுல பார்த்தபடி முதல் வருஷம் முழுக்க ஜீவாமிர்தம் ஊத்தினேன். 200 லிட்டர் தண்ணிக்கு சாணி 10 கிலோ, மாட்டுக் கோமியம், வெல்லம், கடலை மாவு, ஒரு பிடி மண்ணு, எல்லாம் சுத்தமா கடைப்பிடிச்சேன். கத்திரி நட்டது நட்டபடி நின்னுச்சு. அப்புறம்தான் மண்ணைப் பரிசோதனைக்குக் கொடுத்தேன். ஜிப்சம் போட்டு, நல்ல தண்ணி கட்டி, வடிச்சு விடச் சொன்னாங்க. ஜிப்சத்துல இருக்கிற கால்சியம் சோடியத்தைத் தள்ளிவிடும், தள்ளினதைத் தண்ணி கழுவிட்டுப் போகும். அதோட தக்கைப்பூண்டு விதைச்சு பூக்கிற சமயத்துல மடக்கி உழுதேன். மூணாவது வருஷம்தான் மண்ணு மண்ணாச்சு.

இதுக்காக வெளிநாட்டு ஆராய்ச்சிக்கெல்லாம் போக வேண்டியதில்லை. நவலூர் குட்டப்பட்டு வேளாண் கல்லூரி பக்கத்துலயே இருக்கு. களர் தாங்கி வளர்ற திருச்சி 1, திருச்சி 3 நெல்லெல்லாம் அங்கிருந்து வந்ததுதான். பக்கத்து வயல் பெரியவருக்கு இதெல்லாம் தெரியும். நான் கேட்கலை. அவருக்குச் சொல்லிக்கொடுக்கிற அவசரத்துல இருந்தேன். எனக்கு மூணு வருஷம் விளையாட்டுல போச்சு. ரெண்டு ஏக்கரை நம்பிச் சாப்பிடுறவருக்கு மூணு வருஷம் விளைச்சல் இல்லைன்னா என்ன ஆகும்?

அந்த 'என்ன ஆகும்' ஒரு நாட்டுக்கே நடந்ததை நாம பக்கத்துல இருந்து பார்த்தோம். 2021ல இலங்கையில ரசாயன உர இறக்குமதியை ஒரே அடியா நிறுத்தினாங்க. டாலர் பஞ்சமும் ஒரு காரணம், ஆனா வெளியே சொன்னது இயற்கை விவசாயம். மண்ணு பழகறதுக்கு நேரம் இல்லை, அவ்வளவு நிலத்துக்கும் போடத் தொழுவுரம் இல்லை. நவம்பர்ல தடையை எடுத்தாங்க. அதுக்குள்ள பெரும்போக நெல்லு அடி வாங்கிடுச்சு, அரிசி இறக்குமதி பண்ண வேண்டியதாச்சு. இயற்கை உரம் கெட்டதுன்னு நான் சொல்ல வரலை, என் தோட்டத்துலயும் யூரியா கிடையாது. தன் தட்டுல சோறு எங்கிருந்து வருதுன்னு கவலைப்பட வேண்டாதவன் அடுத்தவன் வயலுக்குச் சட்டம் போட்டா இப்படித்தான் ஆகும்னு சொல்றேன். நம்ம படங்களும் வீடியோக்களும் சின்ன அளவுல செய்யறது அதே வேலையைத்தான்.

இன்னும் ஒண்ணு. ஒரு தடவை கத்திரிக்காய் மிஞ்சிப்போச்சுன்னு ஞாயித்துக்கிழமை பொன்மலை சந்தைக்குக் கொண்டுபோய்க் கிலோ 15க்கு வித்தேன். மத்த கடையெல்லாம் 30. அரை மணி நேரத்துல கூடை காலி. எனக்கு ஒரே குஷி. பக்கத்துல சாக்கு விரிச்சு உட்கார்ந்திருந்த ஆயா நிமிர்ந்து பார்த்துச்சு. "உனக்கு இது விளையாட்டு தம்பி. எனக்கு இது பஸ்ஸுக்காசு." வீட்டுக்கு வந்தும் சோறு இறங்கலை. என் சம்பளம் தாங்கிப் புடிக்கிற கத்திரிக்காயை வச்சு அந்த ஆயா கத்திரிக்காயை நான் சாய்ச்சிருக்கேன். இப்பல்லாம் மிஞ்சினா தெருவுல கொடுத்துடறேன்.

எங்க அப்பா பொன்மலை ஒர்க்ஷாப்ல ஃபிட்டர். 1928ல நாகப்பட்டினத்துல இருந்து இங்க வந்த ஒர்க்ஷாப், ஊட்டி மலை ரயிலுக்கு நீராவி எஞ்சின் செஞ்சு கொடுத்த அதே ஒர்க்ஷாப்தான். சாயங்காலம் சங்கு ஊதினா சைக்கிள் கூட்டமா வெளியே வரும். வீட்டுக்கு வந்து காபி குடிச்சிட்டு அப்பா தோட்டத்துல இறங்குவார். குவார்ட்டர்ஸ் பின்னாடி முருங்கை, கொய்யா, அவரைப் பந்தல், நாலு கோழி. பழைய இரும்புக் கடையில வாங்கின தகரத்துல அவர் செஞ்ச கோழிக்கூண்டு மாதிரி இன்னும் எனக்குச் செய்ய வரலை. எங்க லைன்ல பாதி வீடு அப்படித்தான் இருந்துச்சு. யாரும் அதுக்குப் பேரு வைக்கலை.

எதிர்வீட்டு மாமா ஒருநாள் கேட்டார், "உங்க முருங்கை மட்டும் எப்படி இப்படிக் காய்க்குது?" அப்பா சொன்னார், "சம்பளம் வருதுல்ல, அதான் காய்க்குது."

அன்னைக்கு எல்லாரும் சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன். நான் எட்டு வருஷம் எழுதினதுல இல்லாத உண்மை அந்த ஒரு வரியில இருந்துச்சுன்னு இப்பத்தான் உறைக்குது.

அதனால மக்களே, தோட்டம் போடுங்க. கோழி வளருங்க. கூண்டு கட்டுங்க, கோணலா வந்தாலும் பரவாயில்லை. மண்ணுல கை வைக்கிற சுகத்துக்கு நான் ஜென்மத்துக்கும் எதிரி இல்லை. ஆனா விளைஞ்சதை எழுதறப்ப மூணு விஷயம் சேர்த்து எழுதுங்க. ஒண்ணு, எவ்வளவு செலவாச்சு. ரெண்டு, யாரு வேலை செஞ்சா, என்ன கூலி. மூணு, வீட்டுல அடுப்பு எந்தக் காசுல எரியுது. இந்த மூணையும் எழுதின பிறகும் ஒரு தம்பி வேலையை விட்டுட்டு வயலுக்கு வந்தா, அது அவர் தெரிஞ்சு எடுத்த முடிவு. எழுதாம விட்டா, அவர் போட்ட போருக்கு நாமும் பங்குதாரர்.

அடுத்த வாரம் புதுக் கோழிக்கூண்டு படம் போடறேன். அதுக்குக் கீழேயே தீவனக் கணக்கும் இருக்கும். முடிஞ்சா அக்காவையும் ஒரு படத்துக்கு நிக்கச் சொல்லணும். கேட்டேன். "எனக்கு எதுக்கு சார் போட்டோ, கூலியைக் கூட்டிக் கொடுங்க"ன்னுட்டாங்க. நியாயம்தானே? இந்த மாசத்துல இருந்து கூட்டியாச்சு. முட்டை விலை ஏறினாலும் ஏறும் :-)