எந்தக் களஞ்சியம் என்பதும் ஆய்வுக் கேள்வியே

ஸ்ரீவராகத்து அறையிலிருந்து நேற்றிரவு எங்கள் ஆய்வக மெய்நிகராக்க வழங்கியைச் சோதித்தேன். பிராக்ஸ்மாக்ஸ் நிறுவிய நாள்முதல் அதன் லினக்ஸ் கருனி புதுப்பிக்கப்படவே இல்லை. இயல்பாக இயக்கத்தில் இருப்பது சந்தாதாரர்க்குரிய களஞ்சியம். சந்தா இல்லையேல் 401 பிழைதான் கிட்டும். டெபியன் பொதிகள் தடையின்றி வருவதால் எவர்க்கும் ஐயம் எழுவதில்லை. கருனியோ பிராக்ஸ்மாக்ஸ் களஞ்சியத்திலிருந்தே வரவேண்டும்.

சந்தா செலுத்தலாம், அன்றேல் சந்தாவில்லாக் களஞ்சியத்தை அறிந்தே சேர்க்கலாம். பின்னதில் சோதனை குறைவு என்று தயாரிப்பாளரே எச்சரிக்கின்றனர். ஆய்வகத்துக்கு அது போதும் என்பது என் துணிபு. நாமோ, ‘சந்தா இல்லை’ என்னும் அறிவிப்பை மறைக்கும் நிரல்வரியை மட்டும் தேடி ஒட்டுகிறோம். இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2001-இல் தொடங்கப்பெற்ற நகரத்தில் இந்நிலை!

ஆய்வேட்டின் செய்முறை இயலில் களஞ்சியத்தின் பெயரையும் கருனிப் பதிப்பையும் எழுதுமாறு நெறியாளர்கள் கேட்கட்டும்.