பந்தை விட்ட பிறகும் மைதானம் உண்டு



சென்ற விடுமுறையில் உறவுக்காரர் வீட்டு நிக்காஹ் ஒன்றுக்காகப் பளைக்குப் போயிருந்தேன். ரயிலை விட்டு இறங்கியதும் தென்னந்தோட்டக் காற்று முகத்தில் பட்டது. 1990இல் நின்றுபோன ரயில், 2014 மார்ச்சில்தான் மறுபடி இந்த ஊர் வரை வந்தது. அதே ஆண்டு ஒக்டோபரில் யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்தது. அந்த ரயிலில் நானும் ஒரு பயணியாக வந்திறங்கியபோது, 'அல்ஹம்துலில்லாஹ்' என்று வாய் தானாகச் சொல்லிற்று.

கல்யாண வீட்டின் பின்பக்கத்தில் பெண்கள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒரு தங்கை மெல்ல எழுந்து என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ராத்தா, நீங்க பத்திரிகையில எழுதுற ஆள். ஒரு ஞாயம் கேக்கலாமா?"

"கேளுங்க தங்கச்சி."

"என்ர மூத்தவள் பத்தாம் வகுப்புப் படிக்கிறாள். பள்ளிக்கூடத்தில உதைபந்து அடிக்கிறாள். நல்லா அடிக்கிறாளாம். மாவட்ட அணிக்குப் பேர் குடுக்கவா எண்டு டீச்சர் கேட்டா. பெரிய பிள்ளையாகிட்டாள், இனிப் போதும் எண்டு நான் சொல்லிட்டன். அவள் சண்டை பிடிக்கேல்ல. அழவும் இல்ல. சப்பாத்தைக் கழுவி, காயவைச்சு, பையில போட்டுப் பரணில ஏத்தி வைச்சிட்டாள். பிறகு ஒரு வார்த்தை கதைக்கேல்ல. அதுதான் ராத்தா எனக்குப் பயமாக் கிடக்கு."

சகோதரிகளே! இந்தத் தாயை நான் குறை சொல்ல மாட்டேன். 1990 ஒக்டோபரில் வடக்கை விட்டு நம் மக்கள் வெளியேற்றப்பட்டபோது, தன் உம்மாவின் இடுப்பில் இருந்து புத்தளத்திற்குப் போன குழந்தை அவள். ஓலைக் கொட்டிலில் வளர்ந்தாள். போர் முடிந்த பின், கணவர் சிறு கடை ஒன்று வைக்க, பளைக்கு வந்து சேர்ந்தாள். பெண் பிள்ளையை வாசலுக்கு வெளியே அனுப்பினால் என்ன ஆகுமோ என்ற பயம் அவளுக்குப் பாலோடு ஊட்டப்பட்டது. அந்தப் பயத்தைச் சிரித்துத் தள்ள நமக்கு உரிமையில்லை.

ஆனால் பயத்திற்குப் பதில் தேடலாம் அல்லவா? அவளுடைய பயம் மூன்று கேள்விகளாக வந்தது. "பந்து அடிச்சு என்னத்தைக் காணப்போறாள்?" என்பது ஒன்று. "உடுப்புக்கு என்ன செய்யிறது?" என்பது இரண்டாவது. "தூர இடத்துக்கு யாரோட அனுப்புறது?" என்பது மூன்றாவது. அவளுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

முதல் கேள்வி. பந்து அடித்து என்ன காணலாம்?

இந்தியாவின் வடகிழக்கு மூலையில் மணிப்பூர் இருக்கிறது. அதன் தலைநகர் இம்பாலில் 1980இல் பிறந்தவர் பெம்பெம் தேவி. சிறுமியாக இருந்தபோது, பையன்களின் பெயரைச் சொல்லிக்கொண்டு பையன்களோடு ஆடினார். 15 வயதில், 1995ஆம் ஆண்டிலேயே இந்தியாவுக்காகக் களம் இறங்கினார். பின்பு அணித் தலைவியானார். 2012இல் நம் கொழும்பில் நடந்த தெற்காசியப் பெண்கள் போட்டியில் இந்தியா கிண்ணம் வென்றபோது அந்த அணியில் அவரும் இருந்தார். 2014இல் மாலைதீவின் நியூ ரேடியன்ட் கழகம் அவரை அழைத்து ஆட வைத்தது. 2016 பெப்ரவரியில் ஷில்லோங்கில் நடந்த தெற்காசிய விளையாட்டு விழாவில், இறுதி ஆட்டத்தில் நேபாளத்தை 4-0 என்று வென்று தங்கப் பதக்கத்தோடு விடைபெற்றார்.

அத்தோடு கதை முடிந்ததா? இல்லை! பூட்ஸைக் கழற்றியவர் பயிற்றுநரானார். 17 வயதுக்குட்பட்ட தேசியப் பெண்கள் அணியின் பயிற்சிக் குழுவிலும் பணியாற்றினார். 2017இல் அர்ஜுனா விருது, 2020இல் பத்மஸ்ரீ. அந்த நாட்டில் பத்மஸ்ரீ பெற்ற முதல் பெண் உதைபந்தாட்ட வீராங்கனை இவர்தான். காலில் இருந்த வித்தை, வயது போனதும் வாயிலும் மூளையிலும் குடியேறி, அடுத்த தலைமுறைக்குப் போகிறது.

இன்னொரு வழியும் உண்டு. அதுதான் விசில்.

கோவாவைச் சேர்ந்த உவேனா பெர்னாண்டஸ் இந்திய அணிக்கு ஆடியவர். பிறகு நடுவர் பணிக்கு வந்தார். 2016இல் ஜோர்தானில் நடந்த 17 வயதுக்குட்பட்ட பெண்கள் உலகக் கிண்ணத்தில் கோட்டோரக் கொடியைப் பிடித்து நின்றார். நம் மொழி பேசும் தமிழ்நாட்டுத் திண்டுக்கல்லில் இருந்து ரூபாதேவி வந்தார். அவரும் முதலில் பந்தை உதைத்தவர்தான். பின்பு நடுவர் தேர்வுகளை ஒவ்வொன்றாகத் தாண்டி, 2016இல் உலக உதைபந்தாட்டச் சம்மேளனமான பிஃபாவின் சர்வதேச நடுவர் பட்டியலில் இடம் பிடித்தார். தமிழ்நாட்டில் இருந்து அந்தப் பட்டியலுக்குப் போன முதல் பெண் அவர்.

நடுவர் வேலை என்றால் நின்று விசில் ஊதுவது என்று நினைத்துவிடாதீர்கள். 75 மீட்டர் ஓட வேண்டும், 25 மீட்டர் நடக்க வேண்டும். இதையே 40 முறை, குறித்த நொடிக்குள் செய்து காட்ட வேண்டும். கூட்டிப் பாருங்கள், 4 கிலோமீட்டர்! அதற்கு மேல் 17 விதிகளைத் தலைகீழாகப் படித்திருக்க வேண்டும். 22 பேர் கத்துவார்கள், வெளியே நூற்றுக்கணக்கானோர் கத்துவார்கள். கண்ணால் கண்டதை ஒரு நொடியில் தீர்ப்பாகச் சொல்ல வேண்டும். சொந்த ஊர்க்காரி தப்புச் செய்தாலும் அட்டையைக் காட்ட வேண்டும். நீதியாக நிற்கும் இந்தப் பழக்கம் ஒரு பெண் பிள்ளைக்கு மைதானத்தில் மட்டுமா உதவும்? நாளை அவள் நடத்தும் வீட்டில் உதவாதா? ஏமாற்ற வருகிறவனின் முகத்தைப் பார்த்து 'இது தவறு' என்று சொல்ல உதவாதா?

2022 டிசம்பர் முதலாம் தேதி கட்டாரில், ஜெர்மனியும் கொஸ்டரிக்காவும் மோதிய ஆண்களின் உலகக் கிண்ண ஆட்டத்தை ஸ்டெபானி ஃப்ராப்பார் என்ற பிரெஞ்சுப் பெண் நடத்தினார். கோட்டோரத்தில் நின்ற இருவரும் பெண்களே. ஆண்களின் உலகக் கிண்ணத்தில் அதுவரை அப்படி நடந்ததில்லை.

இரண்டாவது கேள்வி, உடுப்பு.

இது நம் வீட்டுக்கு மட்டும் உள்ள கேள்வி என்று நினைக்காதீர்கள். உலகமே பல ஆண்டுகள் இதில் மல்லுக்கட்டியது. 2011இல் அம்மானில், ஒலிம்பிக் தகுதிகாண் ஆட்டத்திற்கு வந்த ஈரான் பெண்கள், தலையை மூடியிருந்ததால் ஆட விடப்படவில்லை. கண்ணீரோடு திரும்பினார்கள். ஜோர்தான் இளவரசர் அலி உட்படப் பலர் வாதாடினார்கள். 2012இல் பரீட்சார்த்தமாக அனுமதி கிடைத்தது. 2014 மார்ச்சில் அது நிலையான விதியாயிற்று. 2023 பெண்கள் உலகக் கிண்ணத்தில் மொரோக்கோவின் நுஹைலா பென்சினா ஹிஜாபுடன் களத்தில் நின்றார். அப்படி நின்ற முதல் வீராங்கனை அவரே. அன்று அவருடைய அணி தென்கொரியாவை 1-0 என்று வென்றது. ஆக, முழுக்கை, முழுக்கால், தலைமூடி எல்லாம் இன்று விதிக்கு உட்பட்டவை. 'தலையைத் திறந்தால்தான் ஆடலாம்' என்று யாராவது சொன்னால், அந்தக் காலம் போய்விட்டது என்று சொல்லுங்கள்.

அதே உலகக் கிண்ணத்தில் ஹிஜாபுடன் கொடி பிடித்த உதவி நடுவர் ஒருவர் இருந்தார். பெயர் ஹிபா சாதியா. பலஸ்தீன அகதிக் குடும்பத்துப் பிள்ளை. பிறந்து வளர்ந்தது சிரியாவில். டமஸ்கஸில் உடற்கல்வி படித்தவர். நடுவர்கள் பயிற்சி எடுப்பதைப் பார்த்தார். அதில் ஒரு பெண் கூட இல்லையே என்று தானே போய்ச் சேர்ந்தார். சிரியாவில் போர் மூண்டதும் மலேசியா, அதன் பின் சுவீடன் என்று நாடு மாறினார். போன இடமெல்லாம் விசிலையும் கொண்டு போனார். உலகக் கிண்ணத்தில் நடுவராகப் பணியாற்றிய முதல் பலஸ்தீனியர் அவர். இதைச் சொன்னபோது, அந்தத் தங்கையின் துருவல் கை நின்றுவிட்டது. "அகதிப் பிள்ளையா ராத்தா?" என்று கேட்டாள். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

ஓடுவது பெண்ணுக்கு ஆகாது என்று சொல்வோருக்கு ஒன்று. ஆயிஷா நாயகி (ரலி) அவர்கள், நபிகள் நாயகம் (ஸல்) அவர்களோடு ஓட்டப் பந்தயம் ஓடியதை நாம் கேட்டுத்தானே வளர்ந்தோம்?

மூன்றாவது கேள்வி பயணம். இதில் தாயின் பக்கமே நியாயம் அதிகம்.

பிள்ளையை அனுப்பும் முன் கேட்க வேண்டியதைக் கேட்டே ஆக வேண்டும். கூடப் போகும் ஆசிரியை யார்? இரவு தங்குவது எங்கே? உடை மாற்றப் பூட்டுள்ள அறை இருக்கிறதா? உணவு ஹலாலானதா? தொழுகைக்கு இடமும் நேரமும் உண்டா? எத்தனை மணிக்குத் திரும்புவார்கள்? இவற்றைக் கேட்டால் ஆசிரியை கோபிப்பார் என்று தயங்காதீர்கள். நல்ல ஆசிரியை மகிழ்வார். பதில் இல்லாத இடத்திற்கு அனுப்பாதீர்கள். பதில் இருக்கும் இடத்திற்கும் அனுப்ப மறுத்தால், அது பாதுகாப்பு அல்ல, பயம்.

வடக்கில் இது புதுச் செய்தியும் அல்ல. தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரிப் பெண் பிள்ளைகள் அகில இலங்கைப் பாடசாலைப் போட்டிகளில் பலமுறை கிண்ணம் தூக்கியவர்கள். பளைக்குப் பக்கத்து முகமாலையில் பல ஆண்டுகள் மண்ணில் முழந்தாளிட்டுக் கண்ணிவெடிகளைத் தோண்டி எடுத்தவர்களில் எத்தனையோ பேர் பெண்கள். பிள்ளைகள் பயமின்றி ஓடட்டும் என்றுதானே அந்தத் தாய்மார் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு அந்த வேலையைச் செய்தார்கள்?

பேசிக்கொண்டிருக்கும்போதே மகள் தேநீர் கொண்டு வந்தாள். "மகள், 'ஓப்சைட்' என்கிறார்களே, அது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. சொல்லித் தருவீங்களா?" என்றேன். தாயின் முகத்தைப் பார்த்தாள். தாய் ஒன்றும் சொல்லவில்லை. மெல்லக் கீழே உட்கார்ந்து, துருவி முடித்த சிரட்டைகளை எடுத்து அடுக்கினாள். "இது கோல் காப்பாளர். இது கடைசித் தடுப்பாளர். இந்தத் தேசிக்காய்தான் பந்து. பந்தைத் தட்டுற நேரத்தில எங்கட ஆள் பந்துக்கும் முன்னால, இந்தத் தடுப்பாளருக்கும் முன்னால நிண்டால் பிழை. பந்து வந்த பிறகு ஓடினால் பிழையில்லை. தட்டுற அந்த நேரத்தைத்தான் பார்க்கணும் பெரியம்மா."

பரணில் பையை வைத்த நாளுக்குப் பிறகு, அந்தப் பிள்ளை அத்தனை வார்த்தை பேசியது அன்றுதானாம்! தாய் ஒரு சிரட்டையைத் தள்ளி வைத்து, "அப்ப இவள் இங்க நிண்டால்?" என்று கேட்டாள். மகள் சிரித்தாள். "அது சரி உம்மா. அது கோல்."

நான் விடைபெறும்போது தங்கை சொன்னது இவ்வளவுதான்: "திங்கக்கிழமை டீச்சரிட்டப் போறன் ராத்தா. நீங்க சொன்ன கேள்வியெல்லாம் கேக்கப் போறன். பதிலைப் பார்த்துத்தான் சொல்லுவன்."

இதைவிட நல்ல தீர்ப்பை நானும் சொல்லியிருக்க முடியாது. 'ஓம்' என்றும் சொல்லவில்லை, 'வேண்டாம்' என்றும் சொல்லவில்லை. விசாரித்துத் தீர்ப்புச் சொல்வேன் என்கிறாள். நடுவர் செய்வதும் அதுதானே!

சகோதரிகளே, எல்லாப் பிள்ளையும் பெம்பெம் ஆக மாட்டாள், ஹிபாவும் ஆக மாட்டாள். ஒருத்தி உடற்கல்வி ஆசிரியையாகலாம். ஒருத்தி பாடசாலைப் போட்டிக்கு விசில் ஊதலாம். ஒருத்தி கலியாணம் முடித்து, தன் பிள்ளைக்கு முற்றத்தில் பந்து உருட்டிக் கொடுக்கலாம். எதுவும் வீண் அல்ல. உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு பை இருக்கிறதா என்று இன்று ஒரு தடவை பாருங்கள். அதில் பந்து இல்லாமல் ஒரு புத்தகமோ, தையல் சட்டமோ, வண்ணப் பெட்டியோ இருக்கலாம். இறக்கி வைத்து, பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து, 'இது என்ன, எனக்கும் சொல்லித் தா' என்று கேட்டுப் பாருங்கள்.

நம் பெண் மக்களுக்கு நல்ல உடலையும், நேர்மையான நெஞ்சையும், அவர்களைக் கேட்டறியும் பொறுமையை நமக்கும் வல்ல அல்லாஹ் தந்தருள்வானாக. ஆமீன்.