தையல் போட்டால் தீர்ந்ததா?

தஞ்சோங் காராங் ஆஸ்பத்திரிக்கு இரவில் வெட்டுக் காயத்தோடு ஒரு தமிழ் வாலிபன் கொண்டுவரப்பட்டால் நடப்பது யாது? டாக்டர் தையல் போடுகின்றார். காயம் பெரிதானால் கிள்ளானுக்கோ சுங்கை பூலோவுக்கோ அனுப்புகின்றார். போலீசார் வாக்குமூலம் எழுதிக்கொள்கின்றனர். சில தினங்களில், எந்தச் சந்தில் வெட்டுண்டானோ அதே சந்துக்கு அவன் திரும்புகின்றான். வெட்டியவனும் அங்கேதான் இருக்கின்றான். இதற்குப் பெயர் சிகிச்சையா?

“ரவுடிப் பயல், பட்டால்தான் புத்தி வரும்” என்று நம் பெரியவர்கள் தீர்ப்புச் சொல்லிவிடுகின்றனர். பட்டவனுக்குப் புத்தி வருவதில்லை, ஐயன்மீர்; பழிதான் வருகிறது. காயம் ஆறுமுன்னே கூட்டாளிகள் கட்டிலைச் சூழ்ந்துகொண்டு, யாரை எப்போது திருப்பி வெட்டுவதென்று பேசி முடித்துவிடுகின்றனர். அவர்கள் உட்காரும் அந்த நாற்காலியில் நம்மில் எவரேனும் உட்கார்ந்ததுண்டா? அவன் செத்தால் மட்டும் மோட்டார் சைக்கிள் ஊர்வலத்துக்குக் குறைவில்லை!

2013 ஆகஸ்டில் உள்துறை அமைச்சு 49 கும்பல்களைச் சட்டவிரோதமென அறிவித்தபோது, அவற்றின் 40,000க்கு மேற்பட்ட உறுப்பினரில் நூற்றுக்கு 71 பேர் இந்தியர் எனக் கணக்குக் காட்டிற்று. அதைக் கேட்டு வெட்கப்பட்டோர் பலர். ரப்பர் போய் எண்ணெய்ப்பனை வந்து, லயத்தை விட்டு மலிவு அடுக்குமாடிக்கு ஏறிய குடும்பத்துப் பிள்ளையைக் கும்பலன்றி வேறு யார் “வா தம்பி” என்றழைத்தனர் என்று கேட்டோர் சிலரே.

1994இல் அமெரிக்காவின் ஓக்லந்து நகரில், துப்பாக்கிச் சூட்டில் நடை இழந்த ஷெர்மன் ஸ்பியர்ஸ் என்பார் முன்னின்று ஒரு வேலை தொடங்கினார். அதே தெருக்களில் வளர்ந்தவர்கள் போலீசாராயன்றி அண்ணன்மாராய்க் கட்டிலருகே சென்று, பழிவாங்கலைத் தடுத்து, பள்ளி, வேலை, வழக்கு யாவற்றிலும் மாதக்கணக்கில் உடன் நின்றனர். 2006இல் லண்டன் கிங்ஸ் காலேஜ் ஆஸ்பத்திரியிலும் இத்தகைய பணி ஆரம்பமாயிற்று. காயம் பச்சையாயிருக்கும் நாழிகையில்தான் சொல் காதில் ஏறும். ஒரு மாதம் கழித்துச் சொற்பொழிவாற்றிப் பயனில்லை.

நம் நாட்டுக்கும் இது அந்நியமன்று. அதே 1994இல் கோலாலம்பூர் ஆஸ்பத்திரி, வீட்டில் அடிபட்ட பெண்களுக்கும் பாலியல் கொடுமைக்கு ஆளானோருக்கும் டாக்டர், போலீஸ், ஆலோசகர் யாவரும் ஓரிடத்திலேயே கிடைக்க ஒரு நிலையம் திறந்தது; பின்னர் அது பிற அரசாங்க ஆஸ்பத்திரிகளுக்கும் பரவிற்று. அந்த நியாயம் வெட்டுண்ட பதினேழு வயதுப் பையனுக்கு ஏன் ஆகாது?

உலு சிலாங்கூர் கலும்பாங்கில் இத்தகைய பிள்ளைகளுக்குத் தொழில் கற்பிக்க மைஸ்கில்ஸ் அறவாரியம் இருக்கிறது. கட்டிலிலிருந்து கலும்பாங்வரை அவனை அழைத்துச் செல்வது யார்? தகப்பனா? மகனுக்குக் காவலிருந்த நாளில் அவனுக்குச் செக்ரோலில் பேர் விழாது, கூலியுமில்லை. அதை எழுதும் கிராணிகளாகிய நமக்கு இது தெரியாததன்று.

கோல சிலாங்கூர்ச் சங்கங்கள் இவ்வாண்டு விருந்துக்கு மண்டபம் பிடிக்குமுன், தமிழும் மலாயும் அறிந்த இரண்டு வாலிபரைச் சம்பளத்துக்கு அமர்த்தி, தஞ்சோங் காராங் ஆஸ்பத்திரியில் அவர்களை அனுமதிக்க வேண்டி ஒரு கடிதம் எழுதட்டும். ஆங்கிலத்திலோ மலாயிலோ எழுதித் தர நாம் இருக்கின்றோம்.