இன்னும் ஒரே ஒரு பேப்பர்

ஆராய்ச்சி மாணவர் வேலையைப் பற்றிப் பேச்செடுத்தால் கைடு முதல் கேன்டீனில் டீ குடிக்கும் சீனியர் வரை ஒரே பதில்தான் சொல்கிறார்கள்: "இன்னும் ரெண்டு பேப்பர் போட்டுடு, வேலை தானா வரும்." இவ்வளவு மரியாதையான பொய்யை நான் வேறெங்கும் கேட்டதில்லை.

இப்படிச் சொல்பவர்கள் வயதுக் கணக்கைப் போட்டுக் காட்டுவதில்லை. எம்.எஸ்ஸி. முடிக்க 22, 23. நெட் எழுதி, கைடு பிடித்து, பதிவு செய்வதற்குள் 25. பிஎச்.டி. ஐந்தாறு வருஷம் இழுத்து, வைவா முடியும்போது 31. சி.எஸ்.ஐ.ஆர். ஆய்வுக்கூடங்களில் விஞ்ஞானி பதவிக்குப் பொதுப்பிரிவில் உச்ச வயது வழக்கமாக 32. இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு மூன்று முதல் ஐந்து ஆண்டு சலுகை. இடையில் ஒரு போஸ்ட்டாக் போய்விட்டு வந்தால், அந்தப் பேப்பர் அச்சாகும்போது கதவைச் சாத்திவிட்டுப் போயிருப்பார்கள்.

கல்லூரிப் பக்கம் வந்தால் இன்னும் மோசம். 2023-ல் மூத்த ஆய்வு மாணவருக்கான எஸ்.ஆர்.எஃப். உதவித்தொகை மாதம் 42,000 ரூபாய் ஆனது. அதை வாங்கிக்கொண்டிருந்தவர் பட்டம் பெற்று தமிழ்நாட்டு அரசுக் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளராகச் சேர்ந்தால் 25,000; அதுவும் வருஷத்துக்கு 11 மாதம்தான். படித்து முடித்ததற்குத் தண்டனை! அவரிடமும் இதே ஆறுதல்தான் சொல்கிறார்கள்.

பேப்பரால் பலன் யாருக்கும் இல்லை என்று நான் சொல்லவில்லை. கைடின் பதவி உயர்வுக்கு அது உதவும். என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசையில் நிறுவனத்துக்கு மதிப்பெண் சேரும். எழுதியவருக்குத்தான் நிச்சயமில்லை.

நல்ல பேப்பர் என்றால் எப்படியும் கவனிப்பார்களாம். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவைவிட நல்ல பேப்பர் யார் போட்டார்கள்? ஹார்வர்டில் இருந்தபோது, பாஸ்பரஸை அளக்க ஃபிஸ்கே என்ற சக ஆய்வாளருடன் சேர்ந்து 1925-ல் அவர் வெளியிட்ட முறையை உயிர்வேதியியல் மாணவர்கள் இன்றும் செய்து பார்க்கிறார்கள். ஆனால் ஹார்வர்டு அவருக்கு நிரந்தரப் பதவி தரவில்லை. 1940-ல் லெடர்லே என்ற மருந்துக் கம்பெனிக்குப் போனார். ஃபோலிக் அமிலம், மெத்தோட்ரெக்ஸேட், ஆரியோமைசின் எல்லாம் அங்கே அவர் நடத்திய ஆய்வுகளில் விளைந்தவைதான். கம்பெனிக்குப் போவது அறிவியலைத் துறப்பது என்பவர்கள் இதற்கு என்ன சொல்வார்கள்?

எனக்குத் தெரிந்த வேதியியல் ஆய்வாளர் ஒருவர். அவருடைய லேபில் பழைய ஹெச்.பி.எல்.சி. கருவி ஒன்று இருந்தது. பிரஷர் ஏறி இறங்கினால் சர்வீஸ் ஆளுக்காகக் காத்திருக்க மாட்டார். தானே பம்பைக் கழற்றி, செக் வால்வை ஐசோப்ரொப்பனாலில் போட்டு சோனிகேட் செய்து, சீலை மாற்றி, பேஸ்லைன் நேராகும்வரை ராத்திரி ஒரு மணிக்கும் அதன் முன்னால் உட்கார்ந்திருப்பார். அவருடைய பயோடேட்டா 11 பக்கம். கலந்துகொண்ட கருத்தரங்குகள் மட்டும் நாலு பக்கம், தாய்மொழி, தகப்பனார் பெயர் எல்லாம் உண்டு. பம்பைப் பற்றி ஒரு வரி இல்லை. "அதெல்லாம் எதுக்குங்க, மெக்கானிக் வேலை" என்றார்.

கடைசியில் ஒரு மருந்துக் கம்பெனி நேர்முகத்தில் பேப்பரைப் பற்றி ஒரு கேள்வி கேட்டார்கள். பிறகு, "பேஸ்லைன் டிரிஃப்ட் ஆனா என்ன பண்ணுவீங்க?" இருபது நிமிஷம் பேசியிருக்கிறார். அடுத்த மாதம் சேர்ந்துவிட்டார்.

போன வருஷம் துறையின் பழைய மாணவர் கூட்டத்தில் அவருடைய கைடு அவரை ஜூனியர்களுக்கு அறிமுகம் செய்துவைத்தார்: "நல்லா வந்திருக்க வேண்டிய பையன்."

அவர் சிரித்துக்கொண்டே கேட்டார்: "சார், நம்ம ஹெச்.பி.எல்.சி. ஓடுதா?"

"எங்கப்பா, நீ போனதுலேர்ந்து துணி போட்டு மூடி வெச்சிருக்கு."