போயிட்டு வரேன்!

வெளிநாடு போன முதல் நாளைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். கடைசி நாளைப் பற்றி யாரும் மூச்சு விடுவதில்லை. கடைசி நாள் என்பது ரெண்டுங்கெட்டான். காலை 10 மணிக்கே ‘ரூமைக் காலி பண்ணுங்க’ என்று விடுவார்கள். விமானமோ ராத்திரிதான். நடுவில் 12 மணி நேரம் நீங்கள் அந்த ஊர்க்காரரும் இல்லை, நம்மூர்க்காரரும் இல்லை. கூட யாராவது இருந்தால் சண்டை போட்டாவது பொழுதை ஓட்டலாம். தனி ஆளுக்கு அந்தக் கொடுப்பினையும் கிடையாது.

எனக்கு அந்த 12 மணி நேரம் வாய்த்தது அர்ஜென்டினாவின் தலைநகர் பியூனஸ் அயர்ஸில். சும்மா ஊர் சுற்றிப் பார்க்கத்தான் போகிறேன் என்றபோது ஆலத்தியூரில் ஒருத்தரும் நம்பவில்லை. சிமென்ட் லாரிகள் ராப்பகலாகப் போய்க்கொண்டிருக்கும் ஊர் எங்களுடையது. லாரிக்காரர்கள்கூட வேலை இல்லாமல் இவ்வளவு தூரம் போவதில்லையே என்றார்கள்.

கடைசி நாளின் முதல் வேலை, மிச்சப் பணத்தைத் தீர்ப்பது. மற்ற தேசத்து நோட்டென்றால் பத்திரப்படுத்தி அடுத்த பயணத்துக்கு வைத்துக்கொள்ளலாம். அர்ஜென்டினா பெஸோவிடம் அந்த ஜம்பம் சாயாது. 2023-ல் ஒரே வருஷத்தில் விலைவாசி 211 சதவிகிதம் ஏறியது. அதாவது, வருஷ ஆரம்பத்தில் 100 பெஸோவுக்கு விற்ற சாமான் வருஷக் கடைசியில் 311. அதுவரை ஆகப் பெரிய நோட்டே 2,000 தான். கட்டுக்கட்டாகச் சுமந்தால்தான் கடைக்குப் போகலாம். 2024-ல் 10,000, பிறகு 20,000 என்று நோட்டு அடித்துத் தோள் வலியையாவது குறைத்தார்கள்.

மிச்சத்தில் எம்பனாடா வாங்கினேன். பேரைக் கேட்டு மிரள வேண்டாம், நம்ம சோமாசிதான்! உள்ளே பூரணம் இருக்க வேண்டிய இடத்தில் பெரும்பாலும் மாட்டிறைச்சி இருக்கும், அவ்வளவே. சைவக்காரர்கள் ‘ஊமிதா’ என்று கேட்டால் சோளம் வைத்தது கிடைக்கும். அம்மாவுக்கு ‘துல்சே தே லெச்சே’ ஒரு டப்பா. பேர் வாயில் நுழையவில்லை, பண்டம் நுழைந்தது. பாலும் சர்க்கரையும் சுண்டக் காய்ச்சிய அசல் திரட்டுப்பால்.

பெட்டியை ஓட்டலிலேயே விட்டுவிட்டேன். காரணம், அந்த ஊரில் பிரசித்தமான ஒரு கைங்கரியம். உங்கள் முதுகில் கடுகு சாஸைப் பீச்சிவிட்டு, ‘அடடா, அழுக்கு சார்’ என்று ஒருவர் துடைக்க வருவார். துடைப்பவர் ஒருவர், பெட்டியைத் தூக்குபவர் இன்னொருவர். தனி ஆளுக்குக் கண் ரெண்டுதானே!

அன்றைக்கு வியாழக்கிழமை. வெறுங்கையோடு மே சதுக்கத்துக்கு நடந்தேன். எதிரே ரோஜா நிறத்தில் ஜனாதிபதி மாளிகை. சரியாக மூன்றரை மணிக்கு, வெள்ளை முக்காடு போட்ட சில பாட்டிகள் நடுவிலுள்ள ஸ்தூபியைச் சுற்றி நடக்க ஆரம்பித்தார்கள். ஒருவர் சக்கர நாற்காலியில். பின்னால் ஒரு கூட்டம், கையில் பழைய போட்டோக்களோடு. கோயில் பிரதட்சணம் மாதிரியே மெதுவான நடை.

1976 முதல் 1983 வரை அங்கே ராணுவ ஆட்சி. மாணவர்கள், தொழிற்சங்கக்காரர்கள் என்று பலரை ராத்திரியில் வீடு புகுந்து அள்ளிக்கொண்டு போனார்கள். போனவர்கள் போனவர்கள்தான். மனித உரிமை அமைப்புகள் சொல்லும் கணக்கு 30,000. 1977 ஏப்ரல் 30-ம் தேதி, பிள்ளைகளைத் தேடி 14 தாய்மார்கள் இந்தச் சதுக்கத்தில் கூடினார்கள். கும்பலாக நிற்கக் கூடாது, நடையைக் கட்டுங்கள் என்றது போலீஸ். சரியென்று நடையைக் கட்டினார்கள். இரண்டிரண்டு பேராக, ஸ்தூபியைச் சுற்றிச் சுற்றி. அந்த நடை இன்னும் முடியவில்லை.

முதலில் கூட்டம் சேர்த்த அசுசேனா வில்லாஃப்ளோர் என்ற அம்மாளையே அந்த டிசம்பரில் பிடித்துக்கொண்டு போனார்கள். 2005-ல்தான் எலும்பை வைத்து அடையாளம் கண்டார்கள். அவருடைய அஸ்தி இப்போது அதே ஸ்தூபியின் அடியில்.

சிறையில் பிறந்த குழந்தைகளை யார் யார் வீட்டுக்கோ கொடுத்துவிட்டார்கள். பெற்றவர்கள் இல்லாத நிலையில், பாட்டியின் ரத்தத்தை வைத்தே பேரனை அடையாளம் காண முடியுமா? பாட்டிகள் விஞ்ஞானிகளை நச்சரித்து, முடியும் என்று ஆக்கிக் காட்டினார்கள். 2025 ஜூலைக்குள் 140 பேர் கிடைத்துவிட்டார்கள். பேரன் பேத்தி என்றுதான் பேர், அவர்களுக்கே தலை நரைத்துவிட்டது.

இதற்கெல்லாம் அர்ஜென்டினா வரை போக வேண்டியதில்லை. கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் 2017 பிப்ரவரியில் நம் தமிழ்த் தாய்மார்கள் இதே போல் போட்டோக்களை மடியில் வைத்துக்கொண்டு சாலையோரம் உட்கார்ந்தார்கள். அவர்களும் கேட்டது அதே கேள்விதான்.

அங்கே மதியம் மூன்றரை என்றால் ஆலத்தியூரில் நடுராத்திரி 12 மணி. செல்போன் அடித்தது.

“தூங்கலையாம்மா?”

“தூக்கம் வந்தாத்தானே. எப்ப ஏறுறே?”

“ராத்திரிம்மா. நீ படு.”

“சாப்ட்டியாடா?”

“ஆச்சு. சோமாசி.”

“அங்கயும் விக்கிறானா?”

பாட்டிகள் நாலாவது சுற்று வந்துகொண்டிருந்தார்கள்.

நம்மூரில் வாசல்படி இறங்கும்போது யாரும் ‘போறேன்’ என்று சொல்வதில்லை. சொன்னால் வாயிலேயே போடுவார்கள். ‘போயிட்டு வரேன்’ என்றுதான் சொல்ல வேண்டும். அந்த ‘வரேன்’ என்ற பாதியை நம்பித்தான் வீட்டில் ஒரு ஜீவன் விளக்கை அணைக்காமல் உட்கார்ந்திருக்கிறது. மே சதுக்கத்தில் 1977-லிருந்து கேட்டுக்கொண்டிருப்பதும் அந்தப் பாதியைத்தான்.

தனியாக ஊர் சுற்றக் கிளம்பும் இளவட்டங்களுக்கு ஒன்று சொல்கிறேன். கடைசி நாளில் எதைப் பார்க்காமல் விட்டாலும் குடி முழுகிவிடாது. வீட்டிலிருந்து போன் வந்தால் மட்டும் முதல் மணியிலேயே எடுத்துவிடுங்கள்.