வீட்டினுள் வழங்கும் விலாசங்கள்

பெங்களூரு மல்லேசுவரத்தில் எட்டாவது கிராஸ் உண்டு. நகரின் வேறு பல பேட்டைகளிலும் எட்டாவது கிராஸ் உண்டு. பேட்டையின் பெயரின்றி வந்த கடிதத்தைத் தபால்காரர் எவ்விடம் சேர்ப்பார்? வீடுகளிலுள்ள கணிப்பொறிகளும் கைபேசிகளும் தாங்கியிருக்கும், 192.168 எனத் தொடங்கும் ஐ.பி. விலாசங்களும் இத்தகையனவே. ஒரே எண் எண்ணற்ற இல்லங்களில் வழங்குகிறது.

பெங்களூரு இந்திய விஞ்ஞானக் கழகம் உள்ளிட்ட எட்டு நிறுவனங்களைக் கொண்டு 1986-இல் எர்னெட் தொடங்கப்பெற்றபோது விலாசங்களுக்குப் பஞ்சமில்லை. எனினும் 32 பிட் முறையில் அமையக்கூடியவை ஏறத்தாழ 429 கோடியே. ஆகவே, 1996-இல் வெளியான விதிப்படி, 10 எனத் தொடங்குவன, 172.16 முதல் 172.31 வரையுள்ளன, 192.168 எனத் தொடங்குவன ஆகியவை அகப் பயனுக்கென ஒதுக்கப்பெற்றுள்ளன. இவற்றை எவரும் அனுமதியின்றிக் கையாளலாம். ஆனால் பொது இன்டர்நெட் இவற்றை ஏற்றுச் செல்லாது. வாயிலில் நிற்கும் ரூட்டரே தன் வெளிவிலாசத்தை இட்டு அனுப்புகிறது.

169.254 எனத் தொடங்கும் எண் வேறு இயல்பினது. சாதனமானது ரூட்டரிடம் விலாசம் கேட்டு விடை வாராதபோது, தானே ஒன்றைத் தெரிந்து, அண்டையில் வேறெதுவும் அதனைக் கொண்டிருக்கவில்லையெனச் சோதித்தபின் ஏற்றுக்கொள்ளும் எண் அது. அதனைக் கண்டதும் தெருக் கம்பத்தின் கம்பியைச் சந்தேகிப்பது பெரும்பாலும் வீண் உழைப்பே. ஒரு சாதனத்தில் மட்டும் அவ்வெண் தோன்றினால் அச்சாதனத்தின் இணைப்பையும், எல்லாவற்றிலும் தோன்றினால் ரூட்டரையும் முதலில் பார்க்கவேண்டும். ரூட்டர் அளித்த 192.168 விலாசம் இருந்தும் இன்டர்நெட் வாராதெனில், அப்போது வெளியே தேடலாம். எஃப்இ80 எனத் தொடங்குவதைக் கண்டு மருள வேண்டா. ஆறாம் பதிப்பு முறையில் அது எப்போதும் உடனிருப்பது. முறையிடும் ஆசிரியரிடம் ‘லைன் பழுது’ என்ற ஒரே விடையைக் கூறிச் செல்லும் வழக்கம் ஒழிய வேண்டும். திரையிலுள்ள விலாசத்தைப் பழுதுப் பதிவேட்டில் குறித்த பிறகே ஊழியர் வேலை தொடங்குவது நலம்.

மற்றொன்றும் கூறத்தக்கது. ஆசிய-பசிபிக் வட்டாரத்தின் விலாசக் கையிருப்பு 2011 ஏப்ரலில் இறுதித் தொகுதியை எட்டியது. மறு ஆண்டு, 100.64 முதல் 100.127 வரையுள்ள தொகுதி, ஒரே பொது விலாசத்தைப் பல சந்தாதாரர் பகிர்வதற்கென இணைப்பு வழங்குவோர்க்கு ஒதுக்கப்பெற்றது. ரூட்டரின் வெளிமுகத்தில் இவ்வெண் தோன்றினால், பழைய முறையில் வெளியிலிருந்து அவ்விடத்தை நேரே அணுக இயலாது. பள்ளியொன்று தன் கணிப்பொறியிலுள்ள பாடங்களை மாணவர் வீட்டிலிருந்தே காணச் செய்ய விழைந்தால், ரூட்டரில் எந்தக் கதவைத் திறந்துவைத்தும் பயனில்லை. பகிர்வைக் குறை கூறுவதற்கில்லை; பஞ்சத்தில் பங்கிடுவது இயல்பு. சந்தா பெறும்போது அதனைத் தெரிவியாதிருப்பதே முறையன்று. 128 பிட் கொண்ட ஆறாம் பதிப்பு விலாசமோ, தனிக் கட்டணத்தில் நிலையான பொது விலாசமோ கிடைக்குமா என்பதைப் பள்ளி நிர்வாகம் ஒப்பமிடும் முன்பே எழுத்தில் கேட்டுப் பெறவேண்டும்.